மேலூரிலிருந்து உலகப்போர் புரிவது எப்படி?

பப்ஜியில் நூறு பேர் இறங்கும் தீவில் கடைசி ஆளாக நிற்பது ஒன்றும் பெரிய காரியமில்லை தம்பி. அதைக் கொரியாக்காரர்கள் ஏற்கெனவே சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள். விமானம் அவர்கள் செலவு, பாராசூட் அவர்கள் செலவு. கீழே இறங்கியதும் துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், காயத்துக்குக் கட்டுத்துணி எல்லாம் யாரோ போட்டுவிட்டுப் போன வீடுகளில் கேட்பாரற்றுக் கிடக்கும். எடுத்துக்கொண்டு சுட வேண்டியதுதான். சிரமம் அதில் இல்லை. அந்த அரை மணி நேரம் போனை யாரும் பிடுங்காமல், சார்ஜ் இறங்காமல், நெட் நிற்காமல், "டேய், மாவு மில்லுக்குப் போய்ட்டு வாடா" என்றொரு குரல் வராமல் மேலூரில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் போர்.

இதைப் பற்றி யூடியூபில் யாரும் வாய் திறப்பதில்லை. எந்தத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப் மாட்டுவது என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களுக்குத் தனி அறை இருக்கிறது, சுழலும் நாற்காலி இருக்கிறது, பின்னால் ஊதா நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. உனக்கு இருப்பது மொட்டைமாடியும், சின்டெக்ஸ் தொட்டி நிழலும். ஆகவே சுடுவதைப் பற்றி இந்தக் கையேட்டில் ஒன்றும் கிடையாது. படைகள் சுடத் தெரியாமல் தோற்பதில்லை, பின்னால் வரும் வண்டி சிக்கிக்கொண்டு தோற்கின்றன. இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சாட்சி ஒன்று உண்டு, அதற்கு வருகிறேன்.

ஆயுதம்

முதல் கேள்வி: போன் யாருடையது? உன்னுடையது என்றால் நீ கொடுத்துவைத்தவன், இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அப்பாவுடையது என்றால் உட்கார்ந்து நிதானமாகப் படி.

அப்பாவின் போன் ஒரு போர்க்கருவியாகத் தயாரிக்கப்பட்டதல்ல. உரக்கடை, கூட்டுறவுச் சங்கம், சீட்டுப் பிடிக்கும் அக்கா, கரும்பு வெட்டும் மேஸ்திரி ஆகியோரோடு பேசுவதற்காக வாங்கியது. அதன் நினைவகத்தில் பாதியை ரோஜாப்பூ போட்ட 'இனிய காலை வணக்கம்' படங்கள் அடைத்திருக்கும். விளையாட்டோ ஜிபி கணக்கில் இடம் கேட்கும். பூக்களை அழி, பாவமில்லை. நாளைக்கே புதிதாகப் பூத்துவிடும். ஆனால் அங்கேயே எங்காவது பட்டா நகலைப் படமெடுத்து வைத்திருப்பார். ரேஷன் கார்டு, அக்கா மகளின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் அதே வரிசையில்தான் கிடக்கும். பூவோடு சேர்த்துப் பட்டாவையும் அழித்தவனுக்கு அதன்பிறகு எந்த வரைபடத்திலும் இறங்க இடம் கிடைக்காது.

விரலுக்குக் குட்டிகுரா பவுடர். வேர்வை விரலில் குறி நகராது. பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்கள் விரலுக்கென்றே உறை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள், வேலை என்னவோ ஒன்றுதான். பவுடர் திரையில் வெள்ளையாகப் படிந்திருப்பதைத் துடைக்காமல் போனைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். தடயத்தை விட்டுவிட்டுப் போகிறவன் படைவீரனா?

உன் அண்ணன்மார் காலத்தில் இவ்வளவுகூடக் கிடையாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடினார்கள், ஐஜிஐ ஆடினார்கள். 2000-ல் வந்த அந்த ஐஜிஐ விளையாட்டில் நடுவில் சேமித்துவைக்கும் வசதியே இல்லை. வேலியைத் தாண்டி, கேமராவை ஏமாற்றி, கோபுரத்தில் நிற்பவனைச் சுட்டு, கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி வேலியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலத்தை நினைத்துப் பார். அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பொறுமை உனக்கு வராது. அதற்குப் பதிலாக உனக்குப் பவர் பேங்க் கிடைத்திருக்கிறது.

பின்தளம்

ஈபிக்காரர்கள் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்துவார்கள். அது முன்தினமே பேப்பரில் வரும், எந்தத் துணை மின்நிலையம், எந்தெந்த ஊர் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒரே ஆள் நீயாக இருப்பாய். பையன் பேப்பர் படிக்கிறான் என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வாள். மறுக்காதே.

டேட்டா ஒருநாளைக்கு ஒன்றரை ஜிபி. ஆடுவதற்கு அவ்வளவு செலவாகாது. அதைத் தின்பது அப்டேட். ஆகவே அப்டேட் வருகிற நாளில் வைஃபை உள்ள வீட்டுக்காரனோடு சண்டை வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கையேட்டில் உள்ள ராஜதந்திரம் இவ்வளவுதான்.

பிங் சிவப்பாக இருந்தால் இறங்காதே. நீ அவனைப் பார்த்துச் சுடும்போது அவன் உன்னைச் சுட்டு, உன் பெட்டியைக் குடைந்து, அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான். மாடியின் எந்த மூலையில் கோடு முழுசாக நிற்கிறது என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவனுக்குத்தான் தெரியும். கோட்டை ரகசியம் மாதிரி அதைக் காப்பாற்ற வேண்டும். தெரிந்துவிட்டால் அக்கா வந்து உட்கார்ந்துகொள்வாள்.

சத்தம் வேறு இருக்கிறது. இந்த விளையாட்டில் பாதி உயிர் காதில்தான். எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது, மேல்மாடியிலா கீழேயா என்பதை வைத்தே நல்ல ஆட்டக்காரன் திரும்புகிறான். மேலூர்ப் பக்கத்தில் முளைப்பாரி, பூச்சொரிதல், மஞ்சுவிரட்டு, காதுகுத்து என்று ஏதோ ஒன்றுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டாத மாதம் எது? கம்பத்தில் கட்டிய குழாய் உன் மாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தால் எதிரி யானைமேல் வந்தாலும் உனக்குக் கேட்காது. அந்த வாரம் ரேங்க் ஏற்ற நினைக்காதே. சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்பட்டுவிட்டால் வீடு காலியாக இருக்கும், போன் மட்டும் அப்பாவோடு போயிருக்கும். தனிப் போன் வைத்திருந்தாலும் பயனில்லை. உன் ஸ்குவாடில் மற்ற மூவரும் எதிர்சேவைக் கூட்டத்தில் நிற்பார்கள், அங்கே எந்தக் கோபுரமும் தாங்காது. பேசாமல் நீயும் போய் நீர்மோர் குடி.

தரை

எரங்கெல் என்கிற அந்தத் தீவு எட்டுக்கு எட்டு, 64 சதுர கிலோமீட்டர். விளையாட்டை உருவாக்கிய அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன், தன் மகள் எரினின் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார். மேலூரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் போனால் அழகர்கோவிலைக்கூட எட்டமுடியாது, அவ்வளவுதான் தீவு. அதற்குள் பொச்சின்கி எங்கே, ஜார்ஜபூல் எங்கே, எந்த வீட்டு மாடியில் எத்தனை ஜன்னல் என்று நம் பையன்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நத்தம் கணவாய் எங்கே இருக்கிறது என்று கேள். "பஸ்ல போயிருக்கேன்" என்பான். முன்னே சொன்ன சாட்சி அந்தக் கணவாய்தான்.

1755-ல் அலெக்சாண்டர் ஹெரான் என்று ஒரு கர்னல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஐந்நூறு ஐரோப்பியர்களையும் இரண்டாயிரம் சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தான். ஆற்காட்டு நவாபுக்கு வரி வசூலிக்கிற வேலை. யூசுப்கான், அதாவது மருதநாயகம், சிப்பாய்ப் படையோடு கூடவே இருந்தார். ஆயுதத்துக்குக் குறைவில்லை, பீரங்கி உண்டு, அந்தக் காலத்தின் எட்டு எக்ஸ் ஸ்கோப் எல்லாம் உண்டு என்று வைத்துக்கொள். கோயில்குடிக் கோயிலில் புகுந்தார்கள். திருமோகூர்தான் அது என்பார்கள். ஒத்தக்கடைக்குப் பக்கம், நீ டவுனுக்குப் போகும்போது யானைமலை தெரியுமே, அங்கே. கதவை எரித்து உள்ளே போய், கண்ணில் பட்ட சாமிச் சிலைகளை அள்ளிக்கொண்டார்கள். லூட். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று பேரம் வேறு. பணம் வரவில்லை. சிலைகளை மூட்டையில் போட்டுக்கொண்டு படை திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பியது.

மே மாதம் நத்தம் கணவாய்க்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பக்கமும் காடு, நடுவில் குறுகலான வழி. முன்படை வேகமாகப் போய்விட்டது. பின்னால் வெடிமருந்து வண்டி ஒன்றின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது. அது நின்றால் அதன் பின்னால் வருகிற எல்லாமே நிற்கும். அதைத் தூக்கி நிறுத்த யாருக்கும் தோன்றவில்லையா, முடியவில்லையா, முன்னால் போனவனுக்குச் சொல்ல மறந்தார்களா, எப்படியோ படை இரண்டாக அறுந்தது. அதற்காகவே மரங்களுக்குள் காத்திருந்தார்கள் கள்ளர் நாட்டார். நீண்ட ஈட்டிகளோடு "சாமி! சாமி!" என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள் என்று கம்பெனியின் சரித்திரக்காரரான ராபர்ட் ஓர்மே எழுதியிருக்கிறார். சாமியை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஹெரானைக் கம்பெனி விசாரித்து, இனி நம் சேவைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டது. ஐடி பேன்.

கவனித்துப் பார், ஹெரானுக்குச் சுடத் தெரியாமல் இல்லை. முன்னால் போனவன் பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உன் ஸ்குவாடில் மூன்று பேர் வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தபின் நாலாமவன் பவுடர் போட்டுக்கொண்டிருப்பதும் இதே கதைதான். அவனிடம்தான் மெட்கிட் முழுக்க இருக்கும்.

மேலூரையே ஒரு வரைபடமாக யாராவது செய்தால் எங்கே இறங்குவது என்று மாடிகளில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. ஆளுக்கொரு கட்சி. கீழவளவுக் குவாரிகள் என்பதுதான் பெரும்பான்மை. நூறடிக்கு நெட்டுக்குத்தாக அறுத்த பாறைச் சுவர், அடுக்கடுக்காகக் கிடக்கும் கல், கீழே பச்சைத் தண்ணீர். மேலே படுத்து ஸ்னைப்பர் வைத்தால் ஒரு ஈ நகராது. 2012-ல் சகாயம் மதுரைக் கலெக்டராக இருந்து கிரானைட் முறைகேடு பற்றி அறிக்கை எழுதியபிறகு பூட்டிய குவாரிகள், கல் எடுத்த குழிகள் அப்படியே விட்டது விட்டபடி இருக்கின்றன. எந்த டிசைனருக்கும் இப்படி ஒரு களம் கற்பனையில் வராது. (திரையில் இறங்கு. நிஜக் குழிகளில் குளிக்க இறங்காதே. இந்தக் கையேட்டில் விளையாட்டுக்குச் சொல்லாத வரி இதுதான்.)

பெரியாறு கால்வாய்க் கரை மறைந்து நடக்க நல்லது, தண்ணீர் விட்டிருந்தால். கரும்புத் தோட்டம் அதைவிட நல்லது. பொங்கலுக்கு முந்தைய மார்கழியில் செங்கரும்புக்குள் பதுங்கியவனை ட்ரோன் விட்டும் பார்க்க முடியாது, தை பிறப்பதற்குள் மொத்த மறைவிடத்தையும் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்பதுதான் குறை. சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடியில் இறங்காதே. ஒவ்வொரு முறை வண்டி தாண்டும்போதும் காசு பிடிப்பார்கள், போரென்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

அரிட்டாபட்டி வேண்டாம். மலைப்பாறையில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் இருக்கிற ஊர், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த இடம். அங்கே டங்ஸ்டன் தோண்ட 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை நடந்துபோன கூட்டத்தைப் பார்த்திருப்பாய். 2025 ஜனவரி முடிவதற்குள் ஏலத்தை ரத்து செய்தார்கள். ஒரு தோட்டா கிடையாது. பின்னால் வருகிறவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கத் தனியாக ஆள் இருந்தது.

மைக்

இனி ஸ்குவாட். நான்கு பேர். ஒருவன் கட்டளையிடுவான், அவனுக்கு விளையாடத் தெரியாது. ஒருவன் நன்றாகச் சுடுவான், அவனுடைய போன் சூடாகி அணைந்துவிடும். மூன்றாமவன் எந்நேரமும் பெட்டி குடைந்துகொண்டிருப்பான். நாலாவது நீ.

மைக்கைத் திறந்துவைத்துப் பேசுவதில் ஒரு சட்டம் ஒழுங்குச் சிக்கல் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்குக் கேட்பது இவ்வளவுதான்:

"மாப்ள, அந்த மஞ்ச வீட்ல ரெண்டு பேரு இருக்காய்ங்க."

"அங்கிட்டு ஒருத்தன் ஓடுறான்டா, போட்ரு, போட்ரு!"

"ஐயோ, செத்துட்டேன்டா. என்னையத் தூக்குங்கடா."

அப்பத்தா எழுந்து வருவாள். "யாருப்பா செத்தது?"

"நாந்தான் அப்பத்தா."

"சாப்ட்டுப் போயிச் சாகு. கொழம்பு ஆறுது."

வீட்டுக்குள் இது சமாளிக்கக்கூடியது. மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி, அதுவும் ஊரில் பங்காளிச் சண்டை ஏதாவது புகைந்துகொண்டிருக்கும் வாரத்தில், "அவன இன்னிக்கு முடிச்சிருவோம்" என்று கத்துகிறவன் போலீஸ் ஸ்டேஷனில் போய் எரங்கெல் வரைபடத்தை விளக்க வேண்டியிருக்கும். கம்பெனிக்கே இந்தப் பயம் உண்டு. பப்ஜி பெயர் மாறி பிஜிஎம்ஐ ஆனபோது இரத்தத்தைப் பச்சை நிறமாக்கினார்கள், 'கொன்றார்' என்பதைத் தூக்கிவிட்டு 'முடித்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். மேலூர்ப் பக்கம் 'முடித்துவிட்டான்' என்பது இன்னும் மோசம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எதிரி

எதிரிகள் மூன்று வகை. தீவில் இருப்பவர்கள் 96 பேர், அவர்களில் கணிசமானவர்கள் பாட், அதாவது கம்ப்யூட்டரே ஆட்டும் பொம்மை, மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர்களை விட்டுத்தள்ளு.

அம்மா இரண்டாவது வகை. அவள் கூப்பிடும் நேரத்துக்கும் திரையில் வட்டம் சுருங்கும் நேரத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, ஆராய்ச்சி செய்ய வேண்டும். முதல் குரலுக்கு "இந்தா வர்றேன்மா" போதும். இரண்டாவது குரலுக்கு எழுந்து நின்று சொல்ல வேண்டும், சத்தம் நகர்வது கேட்கும். மூன்றாவது குரலில் உன் முழுப்பெயர் வரும். மூன்றாவதுக்குப் பிறகு எந்த ஆட்டக்காரனும் உயிரோடு இருந்ததாகத் தகவல் இல்லை. ஃபர்ஸ்ட் எய்ட், எனர்ஜி ட்ரிங்க் இரண்டும் இங்கே வேலைசெய்யாது. முதுகில் வாணலியைக் கட்டிக்கொண்டால் தோட்டா பட்டுத் தெறிக்கும் என்பது விளையாட்டில் மட்டும்தான். வீட்டில் வாணலி எதிர்த்தரப்பின் ஆயுதம்.

மூன்றாவது, வருகிற போன். மறக்காதே, ஆயுதம் அப்பாவுடையது. கடைசிப் பத்துப் பேரில் இருக்கும்போது திரையின்மேல் 'கரும்பு மேஸ்திரி' என்று பெயர் வரும். எடுக்காவிட்டால் வெட்டு தள்ளிப்போகும், எடுத்தால் தலை போகும். சிவப்பை அமுக்கிவிட்டு, பிறகு அப்பாவிடம் "ஏதோ லோன் கம்பெனி" என்பவர்கள் இருக்கிறார்கள். மேஸ்திரி நேரில் வந்துவிடுவார். எடுத்துப் பேசு. தலையை விடு.

சட்டம்

2017-ல் கணினிக்கும் 2018 மார்ச்சில் போனுக்கும் வந்தது பப்ஜி. 2019 ஜனவரியில் தேர்வு பற்றிய கூட்டத்தில் ஒரு தாய் தன் மகன் எந்நேரமும் ஆன்லைன் விளையாட்டில் இருக்கிறான் என்று முறையிட, பிரதமரே சிரித்துக்கொண்டு 'பப்ஜிக்காரனா?' என்று கேட்டார். இரண்டு மாதத்தில் ராஜ்கோட்டில் தடை, விளையாடிய இளைஞர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். 2020 செப்டம்பர் 2-ம் தேதி, எல்லையில் சீனாவோடு நிஜச் சண்டை நடந்துகொண்டிருந்த வேளையில், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியையும் நிறுத்தினார்கள். அதற்குப் பதில் என்று 2021 குடியரசு தினத்தன்று ஃபௌஜி வந்தது. கல்வான் பள்ளத்தாக்கு, இந்திய வீரர்கள், எல்லாம் சரி. ஆனால் முதலில் வந்த பதிப்பில் துப்பாக்கியே இல்லை, கையும் கட்டையும்தான். அந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததும் அப்படித்தானே என்று கேட்டால் பதில் இல்லை. பையன்கள் ஒரு வாரம் அடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

2021 ஜூலையில் பிஜிஎம்ஐ. 2022 ஜூலையில் அதுவும் போனது, அதற்கு முன்பே பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போயிருந்தது. 2023 மே மாதம் பிஜிஎம்ஐ மட்டும் நிபந்தனைகளோடு திரும்பியது, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், மேலே என்றால் ஆறு. சிறுவர்கள் ஆட வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பெற்றோரின் எண்ணுக்கு ஓடிபி போகும். கொரியாவில் உட்கார்ந்து இதை யோசித்தவர், மேலூரில் அந்த எண் உள்ள போன் அந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்.

சித்தப்பாவின் வீடியோ

எல்லைப் பக்கம் ஏதாவது நடந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ அனுப்புவார். இருட்டில் விமானம் ஒன்று பறக்கும், கீழிருந்து நெருப்புக் கோடுகள் கிளம்பும், வெடிக்கும். 'நம்ம பசங்க அடிச்சதைப் பாருங்க' என்று கீழே எழுதியிருக்கும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நாட்களில் இப்படிச் சுற்றியவற்றில் சில, விளையாட்டிலிருந்து எடுத்தவை. அவற்றில் பெரும்பாலும் ஆர்மா 3, செக் நாட்டு பொஹிமியா இன்டராக்டிவ் 2013-ல் வெளியிட்ட போர் விளையாட்டு. பல சதுர கிலோமீட்டர் களம், டாங்கி, ஹெலிகாப்டர், எல்லாவற்றையும் பார்ப்பவர் கண்ணுக்கு நிஜமாகக் காட்டுவதே அதன் பெருமை. சொல்லப்போனால் உன் பப்ஜிக்கு அது ஒருவகையில் தாய்மாமன்: பிரெண்டன் கிரீன் கைபழகியது ஆர்மா விளையாட்டுகளைத் திருத்தி எழுதித்தான்.

தங்கள் விளையாட்டு செய்தியாக ஓடுவதைப் பார்த்துத் தாங்காமல் பொஹிமியாக்காரர்களே 2022-ல் போலியைக் கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். படம் மங்கலாக இருக்கும், கேமரா வேண்டுமென்றே ஆடும், பெரும்பாலும் இரவு, சத்தம் இருக்காது, அசைந்து நடமாடும் மனிதர்களைக் காட்டமாட்டார்கள். ஏனென்றால் விளையாட்டில் மனிதன் நடப்பதுதான் சட்டென்று பொம்மை என்று தெரிந்துவிடும். இதைத் தெரிந்துவைத்துக்கொள். குடும்பத்தில் உன் ஞானத்துக்கு மரியாதை கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் இது. ஆனால் குழுவில் எல்லோர் முன்னாலும் "சித்தப்பா, இது கேம்" என்று போடாதே. அவருக்குத் தனியாக அனுப்பு. பிள்ளையார் படத்தோடு.

தாய்மாமன்

கடைசியாக, நிஜமான தாய்மாமன். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்தால் நிலைமை தீவிரம். நீ மாடியில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "இவ்வளவு சுடுறியே மருமகனே, ஆர்மிக்குப் போக வேண்டியதுதானே?"

இதற்கு வாயால் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. தீவில் நீ தலைக்கவசம், இரண்டு துப்பாக்கி, ஒரு மூட்டைத் தோட்டா சுமந்து மூச்சு வாங்காமல் ஓடுவாய். ஆள்சேர்ப்புத் திடலில் வெறும் உடம்போடு 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு 60 மதிப்பெண். கம்பியில் பத்துமுறை உடம்பைத் தூக்கினால் 40. பிறகு ஒன்பதடிப் பள்ளம் தாண்ட வேண்டும். நாக் ஆனால் தூக்க ஆள் வரமாட்டான், அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.

நம் ஊரில் காலை ஐந்து மணிக்கு நாற்சந்தியைத் தாண்டிப் போனால், ஆர்மிக்கும் போலீசுக்கும் ஓடிப் பழகுகிறவர்களைப் பார்க்கலாம். இருட்டுக்குள் மூச்சுச் சத்தத்தோடு வருவார்கள், எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று காலடியை வைத்தே சொல்லிவிடலாம். அந்த வித்தை உனக்குக் கைவந்தது. மாமா விடாமல் நச்சரித்தால் நாலு நாள் அவர்களோடு ஓடு. பாதி வழியில் விலா பிடித்துக்கொண்டு நிற்பாய், பரவாயில்லை, அவர்களும் நின்றவர்கள்தான்.

ஓடப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவாய். திரும்பி வரும்போது அப்பா கட்டிலில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உன் ஐடியில் பொச்சின்கி நடுரோட்டில் நிற்கக்கூடும். உன் ரேங்கைப் பற்றிப் புலம்பாதே. நட்டமாக நின்றுகொண்டு சுடுவார். குனிவதற்கான பொத்தான் வலது பக்கம் கீழே இருக்கிறது என்று காட்டு. மேஸ்திரி கூப்பிட்டால் அவரே எடுத்துக்கொள்வார்.